படியைக் கவிழ்த்த மாதிரி ஒரு தொப்பி

பதக்கம் வெள்ளியாக இருந்திருந்தால் எங்கள் தாத்தாவைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. ஆயா அதை மூன்று தடவை சேட்டு கடைக்கு எடுத்துப்போயிருக்கிறாள். மூன்று தடவையும் சேட்டு உரசிப் பார்த்துவிட்டு, செம்பும் நிக்கலும் கலந்தது, காசு பெறாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மூக்குத்தி போனது, வெண்கல அண்டா போனது, கல்யாணத்துக்குப் போட்ட கொலுசு போனது. பதக்கம் மட்டும் தகர டப்பாவில் தங்கிவிட்டது.

எனக்குப் பெரம்பூர் பக்கம் ஒரு ஜெராக்ஸ், டி.டி.பி. கடை. வீடு பட்டாளத்தில். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், பட்டாளம் என்பது புளியந்தோப்பு, சூளை, ஓட்டேரி இவற்றுக்கு நடுவில் இருக்கும் பேட்டை. பக்கத்தில் போகிற சாலைக்குப் பெயர் பெரம்பூர் பாரக்ஸ் ரோடு. ஊர்ப் பெயரே பட்டாளம், தாத்தா போனதும் பட்டாளம். அதனால் சின்ன வயசில் 'தாத்தா எங்கே?' என்று யாராவது கேட்டால் 'பட்டாளத்துல' என்பேன். கேட்டவர்கள் நான் வீட்டு விலாசம் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

தாத்தா இரண்டாம் உலகப் போரில் காணாமல்போனவர். ஆயா 1998-ல் சாகும்வரை நெற்றியில் பொட்டும் கழுத்தில் தாலியும் இருந்தன. போருக்கு அப்புறம் ஐம்பத்து மூன்று வருஷம். தெருவில் யாராவது ஜாடைமாடையாகப் பேசினால் அவளிடம் ஒரே பதில்தான்: 'செத்துட்டாருன்னா எழுதிக்கீறாங்க? காணோம்னுதான எழுதிக்கீறாங்க.'

தாத்தாவின் பெயரை இங்கே எழுதவில்லை. முனுசாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு முனுசாமி இருப்பார்கள். அந்தச் சிக்கல் பின்னால் வரப்போகிறது.

அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். கல்யாணம் 1941-ல், ஆயாவுக்கு அப்போது பதினாறு வயசு. அடுத்த வருஷம் ஏப்ரல் 6-ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. சென்னைக்கும் வருவான் என்று ஊரைக் காலிசெய்யச் சொன்னார்கள். மூர் மார்க்கெட் பக்கத்தில் அப்போது மிருகக்காட்சி சாலை இருந்தது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் வெளியே வந்துவிடும் என்று சிங்கம், புலியையெல்லாம் சுட்டுக் கொன்றார்கள். ஆயாவுக்கு இரண்டாம் உலகப் போர் என்றால் ஹிட்லர் ஞாபகம் வராது, அந்தச் சிங்கங்கள்தான் ஞாபகம் வரும். 'பாவம், அதுங்க இன்னா பண்ணுச்சி?' என்பாள். ஊர் காலியானதும் துறைமுகத்தில் வேலை சுருங்கியது. கூலி இல்லாத சில மாசங்களுக்கு அப்புறம் தாத்தா பட்டாளத்தில் சேர்ந்தார். தேசத்துக்காகவா, ராஜாவுக்காகவா என்று என்னைக் கேட்டால், சோற்றுக்காக என்பேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை. அந்தப் போரில் 25 லட்சம் பேர் இந்தியப் படையில் இருந்தார்கள். அத்தனை பேருமே சேர விரும்பிச் சேர்ந்ததாகத்தான் கணக்கு. பசியையும் விருப்பத்தில் சேர்த்துவிட்டால் அந்தக் கணக்கு சரி.

1943-ல் என் நைனா பிறந்தார். அடுத்த வருஷம் தாத்தா ஒரு தடவை லீவில் வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போனார். வழியனுப்ப சென்ட்ரலுக்குள் போகக் கூட்டம் விடவில்லை. ஆயா கைக்குழந்தையோடு பேசின் பிரிட்ஜ் பக்கம் வந்து நின்றுகொண்டாளாம், கல்கத்தா ரயில் அந்த வழியாகத்தானே போக வேண்டும் என்று. எந்தப் பெட்டி என்று தெரியாததால் எல்லாப் பெட்டிக்கும் கை காட்டியிருக்கிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடைக்கு வருகிறவர்களில் பலர் 'எங்க தாத்தாவும் பட்டாளத்துல இருந்தாராம், ஏதாவது பார்க்க முடியுமா?' என்று கேட்கிறார்கள். எனக்கு மூன்று வருஷம் பிடித்த வேலை அது. வழி தெரிந்திருந்தால் மூன்று வாரத்தில் முடிந்திருக்கும்.

முதலில் வீட்டில் இருக்கும் பொருளைப் பாருங்கள், அப்புறம் கம்ப்யூட்டரைத் தொடலாம். நான் தலைகீழாகச் செய்தேன். டப்பாவில் பதக்கம் இருப்பது தெரியும், ஆனால் அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன். ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் ஒரு சிங்கம் எதையோ மிதித்துக்கொண்டு நிற்கிறது. ஆயா அதை நாய் என்றே நினைத்திருந்தாள். 1939-45 போர்ப் பதக்கம் அது, லட்சக்கணக்கில் அடித்தது. ஆனால் இந்தியப் படையினருக்குக் கொடுத்த பதக்கங்களில் ஒரு விசேஷம் உண்டு. பிரிட்டன் தன் சொந்த வீரர்களுக்கு அந்தப் பதக்கத்தைப் பெயர் பொறிக்காமலே கொடுத்தது. இந்தியர்களுக்குக் கொடுத்ததில் விளிம்பைச் சுற்றி எண், பதவி, பெயர், பிரிவு எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். ஓரத்தைப் பார்க்க வேண்டும், முகத்தைப் பார்த்துப் பிரயோஜனமில்லை.

எங்கள் பதக்கத்தின் ஓரம் பாதி அழிந்திருந்தது. காரணம் அம்மா. ஒரு பொங்கலுக்குப் பித்தளைச் சாமான்களோடு சேர்த்து அதையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டார். அம்மாவைக் குறை சொல்லி என்ன, பளபளவென்று இருந்ததாம். உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து எதுவும் போட்டுத் தேய்க்காதீர்கள். இருட்டு அறையில் செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, இன்னொரு போனில் நெருக்கமாகப் படம் எடுங்கள். நேராக வெளிச்சம் அடித்தால் ஒன்றும் தெரியாது. சாய்வாக அடித்தால் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும். அப்படித்தான் எங்களுக்கு எண் கிடைத்தது. அதை அடுத்து 'எஸ்.பி.ஆர்.' என்று மூன்று எழுத்து. அதை இனிஷியல் என்று நினைத்து ஒரு மாசம் வீணாக்கினேன். எஸ் யார், பி யார், ஆர் யார் என்று நைனாவும் நானும் கொள்ளுத்தாத்தா, எள்ளுத்தாத்தாவரை போய்விட்டோம்.

முடிச்சை அவிழ்த்தவர் எங்கள் தெருவில் குடியிருந்த ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர். பென்ஷன் பேப்பர் ஜெராக்ஸ் எடுக்க வந்தவரிடம் தாத்தாவின் போட்டோவைக் காட்டினேன். ஸ்டுடியோவில் எடுத்த படம். தாத்தா விறைப்பாக நிற்கிறார், தலையில் விளிம்பே இல்லாத உயரமான ஒரு தொப்பி. ஆயா அதை 'படியக் கவுத்து வச்ச மாதிரி' என்பாள். அரிசி அளக்கிற படிதான். அதற்குமேல் சரியான வர்ணனை எனக்கும் கிடைக்கவில்லை.

ஹவில்தார் படத்தைக் கையில் வாங்கியதுமே சிரித்தார். 'ஏம்மா, இந்தத் தொப்பி பேரு தூப்டா. நம்ம ஆளு. மெட்ராஸ் சாப்பர்ஸ்.'

'இந்த எஸ்.பி.ஆர்.?'

'சாப்பர்மா. அது பதவி. மத்த ரெஜிமெண்ட்ல சிப்பாய்னு சொல்றத எங்கள்ல சாப்பர்ம்பாங்க.'

மெட்ராஸ் சாப்பர்ஸ் என்பது 1780-ல் தொடங்கிய பொறியாளர் படை. தலைமையிடம் பெங்களூரு, அல்சூர் ஏரிப் பக்கம். பாலம் கட்டுவது, கண்ணிவெடி எடுப்பது, ஆற்றில் தெப்பம் விடுவது, பாதை போடுவது இவர்கள் வேலை. வெள்ளைக்கார அதிகாரிகள் இவர்களைத் 'தம்பி' என்றே கூப்பிட்டார்களாம். ஹவில்தார் அதைச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை இருந்தது. எனக்கு அதில் பாதிப் பெருமை, பாதி எரிச்சல். மூட்டை தூக்கியவரைக் கூப்பிட்டுப்போய் மரமும் இரும்பும் தூக்க வைத்திருக்கிறார்கள், வேலை மாறவில்லையே என்று தோன்றியது.

ஆக, போட்டோவில் முகத்தைவிட உடுப்பு முக்கியம். தொப்பி, தோள்பட்டையில் எழுத்து, பெல்ட்டின் பக்கிள், பின்பக்கம் ஸ்டுடியோ முத்திரை. முகத்தை நாம்தான் பார்ப்போம். உடுப்பைப் பட்டாளத்துக்காரர் யாரிடமாவது காட்டுங்கள், இரண்டு நிமிஷம் போதும்.

குடும்பக் கதைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் மூன்று கதை இருந்தது. சிங்கப்பூரில் செத்தார் என்பது ஒன்று. கப்பல் மூழ்கியது என்பது இன்னொன்று. மூன்றாவது பெரியப்பா முறையுள்ள ஒருவர் சொன்னது: தாத்தா நேதாஜி படைக்குப் போய்விட்டார். 1972-ல் மத்திய அரசு தியாகிகளுக்கு ஓய்வூதியம் கொடுக்க ஆரம்பித்தபோது இந்த மூன்றாவது கதைக்கு உயிர் வந்தது. பெரியப்பா ஒரு மனு எழுதி ஆயாவிடம் கைநாட்டுக்கு நீட்டினார். 'பாக்காதத பாத்தேன்னு எப்படிச் சொல்றது?' என்று அவள் மறுத்துவிட்டாள்.

கதைகளைத் தூக்கிப் போட வேண்டாம், ஆனால் எழுதி வைத்துக்கொண்டு எது யார் வாயிலிருந்து வந்தது என்று பக்கத்தில் குறியுங்கள். எங்கள் மூன்று கதையும் தப்பு. ஆனால் கதைகளுக்கு நடுவே ஆயா போகிறபோக்கில் சொன்ன 'கல்கத்தா ரயில்' சரி. சிங்கப்பூர் 1942 பிப்ரவரியிலேயே ஜப்பானிடம் விழுந்துவிட்டது. 1944-ல் கல்கத்தா ரயில் ஏறியவர் சிங்கப்பூரில் எப்படிச் செத்திருப்பார்? அந்த ரயில் போகிற போர்முனை அசாம், பர்மா. இதை யோசிக்க எனக்கு ஏன் இத்தனை நாள் ஆனது என்று தெரியவில்லை.

நடுவில் ஒரு நாள் நைனாவைக் கூட்டிக்கொண்டு நந்தம்பாக்கம் போனேன். மவுண்ட் பூந்தமல்லி சாலையில் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, போயிருக்கிறீர்களா? புல்லும் பூவுமாக அவ்வளவு சுத்தம். இரண்டாம் உலகப் போர்க் கல்லறைகள் 850-க்கும் மேல். பின்பக்கம் முதல் உலகப் போருக்கான நினைவுச் சுவர், அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். எழுபதைத் தொட்டுக்கொண்டிருந்த நைனா, வரிசை வரிசையாக ஒரு கல் விடாமல் படித்தார். தண்ணீர் பாட்டில் தீர்ந்தது, வெயில் உச்சிக்கு வந்தது, நிறுத்தவில்லை. அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியிலோ முகாமிலோ இறந்தவர்கள். பர்மாவில் காணாமல்போனவர் பெயர் அங்கே இருக்க நியாயமில்லை. அது எனக்கு அன்றைக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவரை அந்த வெயிலில் நிறுத்தியிருக்கமாட்டேன். ஆனால் திரும்பும்போது பஸ்ஸில் நைனா சொன்னது நினைவிருக்கிறது: 'எத்தினி சின்னப் பசங்க.'

அந்தத் தோட்டத்தைப் பராமரிப்பது காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம். 1917-ல் தொடங்கியது. இரண்டு உலகப் போர்களிலும் இறந்த 17 லட்சம் பேரின் விவரத்தை இணையத்தில் வைத்திருக்கிறார்கள். காசு கிடையாது. அதில் தேடத் தெரிவதுதான் வித்தை. இங்கேதான் டி.டி.பி. கடை எனக்குக் கைகொடுத்தது.

கடையில் தினமும் பார்க்கிறேன். ஒரே ஆளுக்கு ஆதாரில் ஒரு எழுத்து, ரேஷன் கார்டில் ஒரு எழுத்து, பேங்க்கில் இன்னொன்று. எண்பது வருஷத்துக்கு முன்னால், நம் ஊர்ப் பெயரைக் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிய எழுத்தர் என்ன எழுதியிருப்பார்? 'சாமி'யை மட்டும் எஸ்-ஏ-எம்-ஐ, எஸ்-டபிள்யூ-ஏ-எம்-ஐ, எஸ்-டபிள்யூ-ஏ-எம்-ஒய், எஸ்-ஏ-டபிள்யூ-எம்-ஒய் என்று நாலு விதமாக எழுதலாம். 'முனு'வுக்கு யூ போடலாம், இரண்டு ஓ போடலாம், முனியாக்கி ஐ-யும் போடலாம். ஒரு தாளில் கட்டம் போட்டு எல்லாவற்றையும் பெருக்கி எழுதிக்கொண்டேன். ஒவ்வொன்றாக அடித்து, அடித்ததை டிக் செய்தேன். தாள் இல்லாமல் செய்தால் அடித்ததையே திரும்ப அடித்துக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்து, எந்தக் கட்டத்தில் அடிக்கிறோம் என்பது. நம்மவர்களுக்கு ஒரே பெயர்தான். அதை முதல் பெயர் என்று நினைத்து அந்தக் கட்டத்தில் போட்டால் ஒன்றும் வராது. சர்நேம் கட்டத்தில் போட வேண்டும். இனிஷியலை மறந்துவிடுங்கள். போர் எது, இந்தியப் படையா என்ற வடிகட்டிகளைப் போட்டால் வெளிநாட்டுப் பெயர்கள் விலகும். அதற்குமேல் 'கூடுதல் தகவல்' என்று ஒரு கட்டம் உண்டு. இரண்டாம் போரில் இறந்த இந்தியர்கள் பலருக்கு இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இந்த ஊர் என்று ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். அப்பா பெயரையோ ஊரையோ அங்கே அடித்துப் பாருங்கள். ஊரென்றால் பட்டாளம், புளியந்தோப்பு எல்லாம் வேண்டாம், பெரம்பூர், மெட்ராஸ் என்று பெரிதாகப் போங்கள்.

(முதல் உலகப் போரில் போனவர்களைத் தேடுகிறவர்களுக்கு வேலை இன்னும் கடினம். இராக்கில் பாஸ்ரா நினைவிடத்தில் 40,000-க்கும் மேற்பட்டவர்களை நினைவுகூர்கிறார்கள். ஆனால் அதன் சுவரில் இந்திய அதிகாரிகளுக்குத்தான் பெயர், சாதாரண சிப்பாய்களுக்கு இத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டும். பெயர்ப் பட்டியல் தனியாக ஏட்டில் இருக்கிறது. கல்லில் இடமில்லாமல் போனதாக யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடையை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தபோது வந்தது. முனுசாமிகள் மூன்று பேர் பொருந்தினார்கள், மூன்று பேரும் இந்தியப் பொறியாளர் படை, மூன்று பேரும் சாப்பர். ஒருவர் வட ஆர்க்காடு, ஒருவர் சேலம், ஒருவர் பெரம்பூர். ஊரை மட்டும் பார்த்து முடிவுகட்டியிருப்பேன். அப்படிக் கட்டக் கூடாது. பதக்கத்தின் எண்ணை எடுத்து வைத்துப் பார்த்தேன். பெரம்பூர்க்காரரின் எண்ணோடு ஒவ்வொரு இலக்கமாகப் பொருந்தியது. புளி தின்ற இரண்டு இலக்கம் மட்டும் பதக்கத்தில் மங்கல், அந்த இடத்தில் என்ன இருந்தது என்பதை இந்தப் பக்கம் எனக்குச் சொன்னது.

பிப்ரவரி 1945. வயது 23. ரங்கூன் நினைவிடம்.

ரங்கூன் நினைவிடம் என்பது யாங்கோனுக்கு வடக்கே டவுக்கியான் போர்க் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. உடல் கிடைக்காத கிட்டத்தட்ட 27,000 பேரின் பெயர்கள் தூண்களில். 1945 பிப்ரவரியில் அங்கே நடந்தது ஐராவதி ஆற்றைக் கடக்கிற சண்டை. ஏழாவது இந்திய டிவிஷன் பிப்ரவரி 14-ஆம் தேதி நியாங்கூ என்ற இடத்தில் ஆற்றைக் கடக்க ஆரம்பித்தது. ஆறு தாண்டுவது என்றால் படகு, தெப்பம், மோட்டார். அதெல்லாம் சாப்பர்களின் கையில். எதிர்க்கரையில் ஜப்பானியரோடு நின்றவர்கள் யார் தெரியுமா? ஐ.என்.ஏ. என்கிற நேதாஜி படையின் நேரு படைப்பிரிவு. அதாவது இந்தக் கரையிலும் இந்தியர்கள், அந்தக் கரையிலும் இந்தியர்கள்.

இதைச் சொன்னபோது பெரியப்பாவின் மகனுக்கு முகம் விழுந்துவிட்டது. 'அப்போ வெள்ளைக்காரனுக்காகத்தான் செத்தாரா?' என்றான். அவனிடம் கோபப்பட எனக்கு மனசில்லை. நாற்பது வருஷம் நேதாஜி படை என்று சொல்லி வளர்ந்தவன். ஆனால் ஒன்று சொன்னேன்: 'கூலிக்குப் போனவர்டா. அந்தக் கரைக்குக் கூப்பிட்டிருந்தா அங்கயும் போயிருப்பாரு.' நான் சொன்னது சரியா என்று இப்போதும் யோசிப்பதுண்டு. அந்தக் கரைக்காரர்களுக்குத் தியாகி பென்ஷன் வந்தது, இந்தக் கரைக்காரர்களைப் பற்றி நான் படித்த பாடப் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. அது மட்டும் எனக்கு உறுத்துகிறது.

இதையெல்லாம்விட நைனாவை உலுக்கியது வேறு. கூடுதல் தகவல் வரியில் 'இன்னாரின் மகன், இன்னாளின் மகன், பெரம்பூர், மெட்ராஸ்' என்று தாத்தாவின் அப்பா, அம்மா பெயர்கள் இருந்தன. ஆயா பெயர் இல்லை.

நைனா திரையைத் தொட்டுக் காட்டி, 'கீழ தள்ளு' என்றார். தள்ளினேன். 'இன்னும் தள்ளு.' அதற்குமேல் பக்கம் இல்லை.

ராணுவம் சார்ந்த ஓர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். எட்டு மாசம் பதில் இல்லை. இரண்டாவது தடவை, கதை எதுவும் எழுதாமல், எண், பதவி, பெயர், பிரிவு, இறந்த தேதி ஐந்தையும் மேலே கொட்டை எழுத்தில் போட்டு, பதக்கத்தின் படத்தையும் ஆணையத்தின் பக்கத்தையும் இணைத்து ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினேன். பதில் வந்தது. நான்கே வரி. வாரிசு: தந்தை. மனைவி என்ற இடத்தில் ஒரு கோடு.

சேரும்போது கல்யாணமாகி ஒரு வருஷம். கேட்டிருப்பார்கள், அப்பா பெயரைச் சொல்லியிருப்பார். அல்லது கூடப்போனவர் சொல்லியிருப்பார். லீவில் வந்தபோதும் மாற்றத் தோன்றவில்லை, 23 வயசுப் பையனுக்கு எப்படித் தோன்றும்? குடும்பத்தில் சொல்லிவந்தது இதோடு பொருந்துகிறது. பென்ஷன் பணம் ஆயாவின் மாமனார் கைக்குத்தான் வந்தது. அவர் நல்ல மனுஷர், வீட்டுச் செலவுக்குத்தான் கொடுத்தார். 1951-ல் அவர் செத்ததும் பணம் நின்றது. யாரோ விவரம் தெரிந்தவர் ஆயாவை எழுதிக் கேட்கச் சொல்லியிருக்கிறார். எழுதுகிற காகிதத்தில் 'விதவை' என்று போட்டு அவள் கைநாட்டு வைக்க வேண்டும். வைக்கமாட்டேன் என்றாள்.

இந்தக் கதையைச் சின்ன வயசில் ரொம்பப் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். எப்படிப்பட்ட ஆயா எனக்கு என்று. இப்போது அப்படித் தோன்றுவதில்லை. ஆயா பின்னி மில் வாசலில் இட்லி விற்றாள். அந்த மில் நெய்ததில் முக்கியமானது பட்டாளத்துக் காக்கி. நைனா எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுப் பதினாலு வயசில் பட்டறைக்குப் போனார், அப்புறம்தான் ரயில்வேயின் லோகோ ஒர்க்ஸில் கலாசி வேலை கிடைத்தது. அந்த ஒரு கைநாட்டு இருந்திருந்தால் அவர் பத்தாவதாவது முடித்திருப்பார். ஆயாவைக் குறை சொல்லும்போதே அவளை விதவை என்று எழுதச் சொன்ன காகிதத்தின் மேலும் கோபம் வருகிறது. இரண்டும் சேர்ந்தேதான் இருக்கிறது, பிரித்தெடுக்கத் தெரியவில்லை.

அதனால்தான் கடைக்கு வருகிற பட்டாளத்துப் பையன்களை விடுவதில்லை. போன வருஷம் கொடுங்கையூர்ப் பையன் ஒருவன், லீவில் வந்தவன், ஏதோ பிரிண்ட் எடுக்க வந்தான். கல்யாணமாகி ஒன்றரை வருஷம், மனைவிக்கு ஏழு மாசம். 'பார்ட் 2 ஆர்டர் ஆயிடுச்சாப்பா?' என்று கேட்டேன். திருதிருவென்று விழித்தான், ஒரு ஜெராக்ஸ் கடை அக்கா வாயில் அந்த வார்த்தை வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆகவில்லையாம். கல்யாணச் சான்றிதழில் பெண்ணின் பெயர் ஒரு எழுத்து வித்தியாசம், திருப்பி அனுப்பிவிட்டார்கள், அப்படியே விட்டுவிட்டான்.

விடக் கூடாது. கல்யாணம், குழந்தை பிறந்தது எல்லாம் அந்த ஆர்டரில் ஏறினால்தான் படைப் பதிவேட்டில் ஏறும். குடும்ப ஓய்வூதியம் ஒரு கணக்கு, காப்பீட்டுப் பணத்துக்கு நாமினி வேறு கணக்கு. ஒன்றில் மனைவி பெயர் இருந்தால் மற்றதில் தானாக வந்துவிடாது, ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அப்பா அம்மாவுக்கும் பங்கு வைக்க நினைத்தால் அதையும் இப்போதே எழுதிவிடுங்கள். எழுதாமல் போய்விட்டால் துக்க வீட்டில் மாமியாரும் மருமகளும் எதிரெதிராக உட்காரும்படி ஆகிவிடும். அப்புறம் அந்த இனிஷியல் சமாச்சாரம். நம் பையன்களின் இனிஷியல் ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால், ஓரிடத்தில் அப்பா பெயர் முழுசாக. ஆதார், பேங்க், படைப் பதிவேடு மூன்றிலும் ஒரே எழுத்தாக இருக்கும்படி உயிரோடிருக்கும்போதே அவனே திருத்திவிட்டால் ஒரு லீவில் முடியும். அவன் இல்லாமல் அந்தப் பெண் திருத்துவதென்றால் வருஷக்கணக்கில் அலைய வேண்டும். படை எண், யூனிட், ரெக்கார்டு ஆபீஸ் விலாசம் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி மனைவியிடம் கொடுத்துவைக்கச் சொன்னேன். 'அதெல்லாம் எதுக்குக்கா அபசகுனமா' என்றான். பதக்கத்தின் படத்தைக் காட்டினேன். அன்று சாயந்தரமே மனைவியோடு திரும்ப வந்தான்.

ரங்கூன் நினைவிடத்தில் இருக்கும் தாத்தாவின் பெயரை எங்களில் யாரும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் படம் கிடைத்தது. பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் வியாசர்பாடியில் நிறையப் பேர், பாரிமுனையில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் கடை போடுகிறவர்களும் அவர்கள்தான். அப்படி ஒரு கடைக்காரர் என் வாடிக்கையாளர். அவருடைய சித்தி மகன் இன்னும் யாங்கோனில் இருக்கிறார். விவரத்தை எழுதி அனுப்பினோம், ஒரு வாரத்தில் வாட்ஸப்பில் படம் வந்துவிட்டது. பெயர் எந்தப் பலகையில் என்பது ஆணையத்தின் பக்கத்திலேயே இருக்கும், அதைச் சொல்லாமல் யாரையும் அனுப்பாதீர்கள். 27,000 பெயரில் தேடிக்கொண்டிருக்க முடியாது. அந்த வளாகத்தில் 'சுதந்திர மனிதர் எல்லோருக்காகவும் இறந்தார்கள்' என்ற பொருளில் ஒரு வாசகம் ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, குர்முகி என்று ஐந்து எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். தமிழ் இல்லை. தூணெல்லாம் சாமிகளும் அப்பன்களும் ராஜுகளும். தமிழ் இல்லை.

தேதி தெரிந்த பிறகு வீட்டில் ஒரு பேச்சு வந்தது, இனிமேல் அந்த நாளில் படையல் வைக்கலாமா என்று. ஆயா உயிரோடிருந்தவரை போகிக்கு எல்லாப் பெரியவர்களுக்கும் இலை போடுவாள், தாத்தாவுக்கு மட்டும் போடமாட்டாள். நைனா இரண்டு நாள் யோசித்துவிட்டு, 'அம்மா வைக்காதத நான் வைக்கமாட்டேன்' என்றார். ஆனால் அந்த வருஷம் ஆயாவின் நாளில் அவர் இரண்டு இலை போட்டதை நான் பார்த்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆணையத்தின் பக்கத்தில் நினைவுச் சான்றிதழ் ஒன்றைத் தரவிறக்கலாம், எண், பெயர், தேதி எல்லாம் போட்டு அழகாக இருக்கும். கெட்டித்தாளில் கலரில் எடுத்து, லேமினேஷன் மெஷினைச் சூடுபோட்டுவிட்டு நைனாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரிவரை படித்தார். அப்புறம் என் மேஜையில் இருந்த பேனாவை எடுத்து, அச்செழுத்துக்குக் கீழே இருந்த இடத்தில், தமிழில், எழுத்துக் கூட்டிக் கூட்டி ஆயாவின் பெயரை எழுதினார். பெயருக்குப் பக்கத்தில் 'மனைவி' என்றும் எழுதினார்.

மெஷினில் பச்சை விளக்கு எரிந்தது. நான் கையை நீட்டினேன். அவர் தாளைக் கொடுக்கவில்லை.

'இரு, மை காயட்டும்' என்றார்.